கடல் கடந்து ஆட என்ன வேண்டும்? செட்டிநாட்டு வாசகர்களின் கூடைப்பந்துக் கேள்விகள்

வெளிநாட்டு கிளப்புகளில் கூடைப்பந்து ஆடிப் பிழைக்க முடியுமா என்பதைச் சுற்றியே இம்மாதக் கடிதங்கள் வந்திருக்கின்றன. முடியும். ஆடிவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் படிகளை வரிசையாக ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் உரிய காகிதம் கைக்கு வந்த பிறகுதான் அடுத்த படியில் கால் வைக்க வேண்டும். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் காகிதத்தைப் பற்றியே பேசுவது அதனால்தான்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, உயரம் 6 அடி 1 அங்குலம். பள்ளி அணியில் எப்போதும் ரிங்குக்குக் கீழேதான் நிறுத்துகிறார்கள். "இந்த உயரத்துக்கு அமெரிக்காவே கூப்பிடும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். அடுத்து என்ன செய்வது?
(ஒரு தாயார், தேவகோட்டை)

பதில்: அம்மா, 14 வயதில் இந்த உயரம் நல்ல சொத்து. ரிங்குக்குக் கீழேயே நிறுத்திவைத்தால் அந்தச் சொத்து வீணாகும். மாவட்டப் போட்டியில் அவன் கையை உயர்த்தினாலே ரீபவுண்ட் கிடைக்கும், பள்ளியும் ஜெயிக்கும். ஆனால் 18 வயதில் அவன் 6 அடி 4 அங்குலத்தில் நின்றுவிட்டால், சர்வதேச ஆட்டத்தில் அது பந்தைக் கொண்டுபோகும் கார்டின் உயரம். இந்திய அணியில் பல ஆண்டு ஆடிய விசேஷ் பிரிகுவன்ஷி அந்த உயரத்துக் கார்டுதான். ரிங்கையொட்டி ஆடி வெளிநாடு போன நம்மவர்களின் உயரத்தைப் பாருங்கள்: அம்ஜியோத் சிங் 6 அடி 8 அங்குலம், அம்ரித்பால் சிங் 6 அடி 11, சத்னாம் சிங் 7 அடி 2. ரிங்கையொட்டி நின்று ஆடும் போஸ்ட் ஆட்டம் மட்டும் தெரிந்த 6 அடி 4 அங்குலப் பையனுக்கு வெளியே இடமே கிடையாது. எத்தனையோ உயரமான பிள்ளைகள் இந்த இடத்தில்தான் நின்றுபோகிறார்கள்.

அதனால் கோச்சிடம் இதை மட்டும் கேளுங்கள்: போட்டியில் எங்கே நிறுத்தினாலும் பரவாயில்லை, பயிற்சியில் கார்டுகளோடு சேர்த்துப் பழக்குங்கள். தினமும் 20 நிமிடம் டிரிப்பிள், அதில் பாதி நேரம் இடது கைக்கு. ஷூட்டிங்கில் போட்ட பந்தை எண்ணக் கூடாது, விழுந்த பந்தையே எண்ண வேண்டும். ரிங்கிலிருந்து 2 மீட்டரில் 50 விழுந்த பிறகு ஓரடி பின்னால் வரலாம். மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து இப்போதே எறியவிட்டால், தூரம் எட்டாமல் நெஞ்சிலிருந்து தள்ளும் பழக்கம் வந்துவிடும், பிறகு மாற்றுவது பெரும்பாடு. பயிற்சியின் கடைசியில், மூச்சு வாங்கும்போது, ஃப்ரீ த்ரோ 50. அதில் 35 விழ வேண்டும்.

முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டில் வலி, வீக்கம் என்று சொன்னால், வேகமாக வளரும் வயதில் தசைநார் எலும்பை இழுப்பதால் வருவது அது. வலி அடங்கும்வரை குதிப்பதைக் குறைத்து ஷூட்டிங்கும் டிரிப்பிளும் மட்டும் செய்யட்டும். முழுதாக நிறுத்த வேண்டியதில்லை.

போட்டிக்கு இரண்டு பாதைகள் உண்டு. பள்ளிக் கல்வித்துறை வழியாகக் குறுவட்டம், மாவட்டம், மாநிலம், பிறகு பள்ளிகளுக்கான தேசியப் போட்டி. மாவட்டக் கூடைப்பந்துக் கழகம் வழியாக 13, 16, 18 வயதுக்குட்பட்டோர் மாநில அணிகள். இரண்டிலும் பெயர் கொடுங்கள். இந்திய அணி முகாமுக்குப் போகும் வழி பெரும்பாலும் இரண்டாவதுதான். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேர்க்கிறார்கள். கோடை விடுமுறையை ஒட்டித் தேர்வு நடக்கும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்று மூன்றிலும் பெயரின் எழுத்தும் தேதியும் ஒன்றாக இருக்கட்டும். தேர்வுநாளன்று இதில் மாட்டித் திரும்பும் பிள்ளைகள் நிறைய.

அமெரிக்கா பற்றி: என்.பி.ஏ. என்னும் அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் அணிகள் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் இரண்டே சுற்று, ஆண்டுக்குச் சுமார் 60 பேர். அமெரிக்காவுக்கு வெளியே ஆடும் ஒருவர் தமக்கு 22 வயது நிறையும் ஆண்டில் தானாகவே தகுதி பெறுவார். 19-லிருந்து விருப்பம் தெரிவித்து முன்னதாகவும் பெயர் கொடுக்கலாம். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்துச் சத்னாம் சிங் 2010-இல் சிறுவனாக ஃபுளோரிடா அகாடமிக்குப் போய், 2015-இல் 52-ஆவது ஆளாக டல்லாஸ் மேவரிக்ஸால் எடுக்கப்பட்டார். இந்தியாவில் பிறந்து டிராஃப்ட் ஆன முதல் ஆள் அவர். ஆனாலும் ஒரு என்.பி.ஏ. ஆட்டம்கூட ஆடக் கிடைக்கவில்லை. உங்கள் மகனுக்கு நடைமுறையில் எட்டக்கூடியது அமெரிக்கக் கல்லூரி உதவித்தொகை. முதல் டிவிஷன் கல்லூரிக்கு 9-ஆம் வகுப்பிலிருந்து 16 அடிப்படைப் பாடங்களும் 2.3 தரப்புள்ளி சராசரியும் கேட்பார்கள். ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் எல்லாம் அதில் சேரும். ஆக 9-ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைப் பத்திரப்படுத்துங்கள். "விளையாட்டுப் பிள்ளைதானே" என்று அந்த ஆண்டைக் கைவிட்டால் பின்னால் ஈடுகட்ட முடியாது.

கேள்வி: பல்கலைக்கழக அணியில் ஆடுகிறேன், வயது 20. வாட்ஸ்அப்பில் ஒருவர் கிழக்கு ஐரோப்பாவில் இரண்டாம் டிவிஷன் கிளப்பில் இடம் இருப்பதாகவும், மாதம் 1,500 யூரோ சம்பளம் என்றும், பதிவுக் கட்டணமாக ஒன்றரை லட்சம் முன்னால் கட்ட வேண்டும் என்றும் சொல்கிறார். வீட்டில் நகையை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார்கள். நம்பலாமா?
(ஓர் இளைஞர், பள்ளத்தூர்)

பதில்: தம்பி, நகையைப் பெட்டியிலேயே வைக்கச் சொல்லுங்கள். முறையான முகவருக்கு ஆட்டக்காரர் முன்பணம் கட்டுவதில்லை. அவருடைய கட்டணம் ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதி. ஐரோப்பாவில் அதையும் பெரும்பாலும் கிளப்பே கொடுத்துவிடும். ஃபிபா தேர்வு வைத்து முகவர்களுக்கு உரிமம் தருகிறது. உரிமம் உள்ளவர்களின் பட்டியல் அதன் இணையதளத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. அதில் பெயர் இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடியுங்கள். பெயர் இருந்தாலும், அதே ஆள்தானா என்று பட்டியலில் உள்ள முகவரிக்கு எழுதிக் கேளுங்கள், ஏனென்றால் அடுத்தவர் பெயரில் பேசுகிறவர்களும் உண்டு. கிளப்புக்கும் நேரடியாக எழுதுங்கள்.

கிளப்பும் முகவரும் உண்மை என்றே தெரிந்தால், அடுத்தது ஒப்பந்தம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன காலத்தில் உங்கள் ஊர்ப் பெரியவர்கள் தவணை இவ்வளவு, சம்பளம் இவ்வளவு என்று சம்பளச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டுதான் கப்பலேறினார்கள். அந்தக் கண்டிப்பு இங்கேயும் வேண்டும். கிளப்பின் சட்டப்பூர்வமான முழுப்பெயரும் கையெழுத்திடுபவரின் பதவியும் இருக்கிறதா? சம்பளம் வரி கழித்த தொகையா, கழிக்காததா? ஐரோப்பாவில் வழக்கமாக வரி போகக் கையில் வரும் தொகையைப் பேசுவார்கள், அதை எழுத்தில் வாங்குங்கள். எத்தனை தவணை, எந்தத் தேதி? பருவம் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கி மே வரை ஓடும். 12 மாதம் என்று மனக்கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். வீட்டு வாடகையோடு மின்சாரமும் குளிர்கால வெப்பமூட்டலும் யார் செலவு? போக வர விமானச்சீட்டு, மருத்துவக் காப்பீடு உண்டா?

இதைவிட முக்கியமானவை மூன்று. முதலாவது, காயம்பட்டால் சம்பளம் தொடருமா என்பது. மருத்துவச் சோதனை வந்திறங்கிய இரண்டு மூன்று நாளுக்குள் முடிய வேண்டும், அதில் தேறிய பிறகு உடம்பைக் காரணம் காட்டி அனுப்பக் கூடாது என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டாவது, "முதல் 30 நாள் சோதனைக் காலம்" என்ற வரி. அது இருந்தால் உங்களிடம் இருப்பது வெறும் ஒரு மாத வேலைதான், மற்றவை எதுவும் உறுதியில்லை. மூன்றாவது, சம்பளம் தாமதமானால் என்ன என்பது. இத்தனை நாளுக்கு மேல் தாமதித்தால் பயிற்சிக்கு வரமாட்டேன், அதற்கும் மேல் போனால் முழுத்தொகையோடு விலகுவேன் என்ற வாசகம் வேண்டும். தகராறு வந்தால் 2007 முதல் ஜெனீவாவை இருப்பிடமாகக் கொண்டு இயங்கும் கூடைப்பந்து நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்ற ஷரத்தையும் சேருங்கள். அந்த ஷரத்து ஒப்பந்தத்தில் இல்லையென்றால் அந்த மன்றம் வழக்கை எடுக்காது, நீங்கள் அந்த ஊர் நீதிமன்றத்தில் அந்த ஊர் மொழியில் அலைய வேண்டியதுதான். தீர்ப்பை மதிக்காத கிளப்புக்குப் புது ஆட்டக்காரர்களைப் பதிவுசெய்ய ஃபிபா தடை போடலாம், அதற்குக் கிளப்புகள் பயப்படும். மன்றக் கட்டணம் யூரோவில் முன்னால் கட்ட வேண்டியது, திரும்பி வராது. ஆகவே சின்னத் தொகைக்குத் தாமதச் சம்பள வாசகமே கைகொடுக்கும்.

கையெழுத்தானபின் வெளிநாட்டுக் கூட்டமைப்பு இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பிடம் உங்களுக்கான விடுவிப்புக் கடிதம் கேட்கும். 7 நாளுக்குள் பதில் தர வேண்டும். வேறொரு கிளப்போடு உங்களுக்கு இன்னும் ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லி மறுக்க முடியாது. ஆகவே இங்கே ஏதாவது லீக்கில் கையெழுத்திட்டிருந்தால் அதன் முடிவுத் தேதியைப் பாருங்கள். 18 வயது நிறையாதவர்களுக்கு, பெற்றோர் குடிபெயர்வது, படிப்பு போன்ற விதிவிலக்கு இல்லாமல் நாடு மாற அனுமதியே இல்லை. கடைசியாக, "டூரிஸ்ட் விசாவில் வாங்க, இங்கே மாத்திக்கலாம்" என்று யார் சொன்னாலும் விமானம் ஏறாதீர்கள். வேலை அனுமதி இல்லாதவர் சம்பளப் பாக்கி கேட்டுப் புகார் கொடுக்கப் போனால் முதலில் மாட்டிக்கொள்வது அவர்தான்.

கேள்வி: வெளிநாட்டில் ஆடினால் கோடிக்கணக்கில் சம்பளம் என்கிறார்களே, உண்மையா?
(ஒரு வாசகர், புதுவயல்)

பதில்: மேல்தட்டில் உண்மை. ஒரே ஒப்பீடு போதும். 2023-24 பருவத்தில் என்.பி.ஏ.யில் புதுமுகத்தின் குறைந்தபட்சச் சம்பளம் சுமார் 11.2 லட்சம் டாலர். அதற்கு ஒரு படி கீழே உள்ள ஜி லீக்கில் அதே பருவத்தின் சம்பளம் 40,500 டாலர். ஒரே ஊரில், ஒரே அரங்கில்கூட இந்த இரண்டு பேரும் பயிற்சி செய்வார்கள். மற்ற நாடுகளின் கீழ் டிவிஷன்களில் வீடும் சாப்பாடும் போக மிஞ்சுவது நம் ஊர் நல்ல வேலைச் சம்பளத்தைவிடக் குறைவாகவும் இருக்கும்.

கேள்வி: எங்கள் பள்ளியின் பழைய சிமென்ட் கோர்ட்டில் கோடெல்லாம் அழிந்துவிட்டது. புதிதாகப் போடப்போகிறோம். பழைய தடத்திலேயே போடலாமா? பிள்ளைகள் வெளிநாட்டு ஆட்டத்துக்குப் பழக அமெரிக்க அளவு நல்லதா?
(ஓர் உடற்கல்வி ஆசிரியர், கோட்டையூர்)

பதில்: இரண்டும் வேண்டாம் சார். பழைய தடம் என்பது பெரும்பாலும் 2010-க்கு முந்தைய அளவு: மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டர், ரிங்குக்குக் கீழே உள்ள பகுதி அடி அகன்ற சரிவக வடிவம். இப்போது கோடு 6.75 மீட்டர், அந்தப் பகுதி செவ்வகம். 6.25-இல் பழகிய பிள்ளை மாநிலப் போட்டியில் எறியும் பந்து ரிங்கின் முன்விளிம்பில் பட்டு விழும். காரணம் தெரியாமல் தன் கையைச் சந்தேகப்படும். என்.பி.ஏ. கோடு நடுவில் 7.24 மீட்டர். ஆனால் ஆசியா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஒலிம்பிக் எல்லாமே ஃபிபா அளவுதான். பிள்ளைகள் ஆடப்போவது அதில்தான்.

முதலில் 28-க்கு 15 மீட்டர் செவ்வகம், கோட்டின் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு. இரண்டு மூலைவிட்டமும் 31.76 மீட்டர் வருகிறதா பாருங்கள். 2 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மூலை சரியில்லை, மேலே போகாதீர்கள். கோடெல்லாம் 5 சென்டிமீட்டர் அகலம். போர்டின் முகம் கடைக்கோட்டின் உள்விளிம்பிலிருந்து 1.20 மீட்டர் உள்ளே. ரிங்கின் மையத்துக்கு நேர்கீழே உள்ள புள்ளி 1.575 மீட்டரில். எல்லா வளைவுக்கும் அந்தப் புள்ளிதான் ஆணி. அதில் ஆணியடித்து இழுபடாத கம்பியால் 6.75 மீட்டர் ஆரம் வரையுங்கள். நைலான் கயிறு நீண்டு கொடுக்கும், வளைவு கோணிப்போகும். பக்கவாட்டில் நேர்க்கோடு, பக்கக்கோட்டின் உள்விளிம்பிலிருந்து 0.90 மீட்டர். வளைவும் நேர்க்கோடும் கடைக்கோட்டிலிருந்து 2.99 மீட்டரில் சந்தித்தால் எல்லாம் சரி. ஃப்ரீ த்ரோ கோட்டின் வெளிவிளிம்பு 5.80 மீட்டர், செவ்வகத்தின் அகலம் 4.90. அதற்குள் 1.25 மீட்டர் ஆரத்தில் மோதல் விலக்கு அரைவட்டம். பழைய கோர்ட்டுகளில் இது இருக்காது. தற்காத்து ஆடுகிறவர் எங்கே நின்றால் ஃபவுல் கிடைக்கும் என்பதைப் பிள்ளைகள் கற்க இது அவசியம். நடுவட்டம் 1.80 மீட்டர் ஆரம்.

ரிங்கின் உயரத்தையும் அளந்துவிடுங்கள். 3.05 மீட்டர். பையன்கள் தொங்கித் தொங்கி முன்பக்கம் 3 சென்டிமீட்டர் சாய்ந்த ரிங்குகளை எங்கும் பார்க்கலாம். எண்ணெய் பெயின்ட் பூசினால் காலைப் பனியிலும் வியர்வை சிந்திய இடத்திலும் வழுக்கும். அக்ரிலிக் பெயின்டில் சலித்த நைஸ் மணல் கலந்து இரண்டு கோட்டிங் கொடுங்கள். கோர்ட்டைச் சுற்றி 2 மீட்டருக்குள் தூண், மரம், சைக்கிள் எதுவும் இருக்கக் கூடாது.

கேள்வி: கணுக்கால் ஓராண்டில் மூன்று முறை பிசகிவிட்டது. ஒவ்வொரு முறையும் நீவிவிட்டு, எண்ணெய் போட்டு, வாரத்தில் ஆடப் போய்விடுகிறேன். குதித்து இறங்கும்போது முட்டியும் உள்ளே போகிறது என்று கோச் சொல்கிறார். தொடர்ந்து ஆடலாமா?
(ஒரு கல்லூரி மாணவி, காரைக்குடி)

பதில்: ஆடலாம், ஆனால் இப்படி ஆடக் கூடாது. பிசகிய அன்றே அழுத்தி நீவுவது கிழிந்த தசைநாரை மேலும் கிழிக்கும், வீக்கத்தையும் கூட்டும். முதல் 48 மணி நேரம் கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலை இடுப்புக்கு மேலே உயர்த்தி வையுங்கள். அடிபட்ட காலில் நாலு எட்டு வைக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் முண்டின் பின்விளிம்பில் எலும்பை அழுத்தினால் வலிக்கிறது என்றால் அன்றே எக்ஸ்ரே. எலும்பு முறிவைச் சுளுக்கு என்று நினைத்து ஒரு மாதம் நடந்தவர்கள் இருக்கிறார்கள்.

திரும்ப ஆடுவதற்கு நாள்கணக்கு அளவுகோல் இல்லை. அடிபட்ட காலில் மட்டும் நின்று குதிகாலை 25 முறை தூக்க முடிகிறதா? கண்ணை மூடி ஒற்றைக் காலில் 20 விநாடி நிற்க முடிகிறதா? ஒற்றைக் காலில் மூன்று தாவலில் போகும் தூரம், நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதமாவது வருகிறதா? மூன்றும் வந்தால் கோர்ட்டுக்குள் போங்கள். பருவம் முடியும்வரை லேஸ் வைத்த கணுக்கால் பிரேஸ் போடுங்கள். மறுபடி பிசகுவதை அது வெகுவாகக் குறைக்கும்.

முட்டி விஷயம் கணுக்காலைவிடப் பெரிது. குதித்து இறங்கும்போது முட்டி உள்நோக்கிச் சரிவதுதான் முட்டிக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் அறுந்துபோவதற்கு முக்கியக் காரணம். பெண்களுக்கு ஆண்களைவிட இது அதிகம். அறுந்தால் அறுவைச் சிகிச்சை, குறைந்தது 9 மாதம் ஓய்வு. கிளப்பின் மருத்துவச் சோதனையிலும் முதலில் பார்ப்பது முட்டியைத்தான். தடுக்க வழி எளிது: 30 சென்டிமீட்டர் உயரப் படியிலிருந்து இரண்டு காலில் இறங்கி, முட்டி கால் இரண்டாம் விரலுக்கு நேராக இருக்கும்படி 3 விநாடி உறைந்து நிற்க வேண்டும். 6 முறை, 3 சுற்று, வாரம் மூன்று நாள். செல்போனில் முன்னாலிருந்து வீடியோ எடுத்துப் பார்த்தால் சரிவு தெரிந்துவிடும். மூன்று வாரம் இது சரியான பிறகு ஒற்றைக் காலுக்கு மாறுங்கள். சிமென்ட் தரையில் குதிக்கும் பயிற்சி வாரம் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். மற்ற நாளில் மண் தரையில் செய்யலாம்.

பெண்களுக்கு வெளிநாட்டு வாய்ப்பு உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேரளத்தின் கீது அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் கிளப்புக்கு ஆடினார். 2011-இல் அமெரிக்காவின் பெண்கள் லீக் அணிகள் அவரைச் சோதனைக்கு அழைத்தன. பாதை இருக்கிறது, முட்டியைக் காப்பாற்றுங்கள்.

கேள்வி: மகன் வீட்டுப் பேரன் டெக்சாஸில் பிறந்தவன், 15 வயது, அங்கே பள்ளி அணியில் நன்றாக ஆடுகிறான். வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறது. இந்தியாவுக்காக ஆட முடியுமா?
(ஒரு பெரியவர், கானாடுகாத்தான்)

பதில்: ஓ.சி.ஐ. அட்டை போதாது ஐயா, இந்தியப் பாஸ்போர்ட் வேண்டும். நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை இல்லாததால் அமெரிக்கக் குடியுரிமையை விட வேண்டியிருக்கும். 18 வயதுக்குள் அதை விடுவது மிக அரிது. ஃபிபா விதியில் இன்னொரு முடிச்சும் உண்டு. 16 வயதுக்குப் பிறகு ஒரு நாட்டின் குடியுரிமை பெற்றவர்கள் ஓர் அணியில் ஒருவர்தான் ஆடலாம். அந்த ஓர் இடத்துக்குப் போட்டி கடுமையாக இருக்கும். 17 வயதுக்குப் பின் ஒரு நாட்டுக்காக ஃபிபாவின் முக்கியப் போட்டியில் இறங்கிவிட்டால் வேறு நாட்டுக்கு மாறுவதும் ஏறக்குறைய முடியாது.

எங்கள் கருத்து: பேரன் அமெரிக்கக் குடிமகனாகவே ஆடட்டும். அங்கே கல்லூரியில் ஆட விசா சிக்கல் இல்லை. அங்கே படிக்கும் நம் மாணவர்களுக்கு விளம்பர வருமானம் வாங்கக்கூட விசா விதி தடையாக நிற்கிறது. 2015-இல் சாக்ரமென்டோ கிங்ஸுக்காக ஆடி, என்.பி.ஏ.யில் இறங்கிய முதல் இந்திய வம்சாவளியினர் ஆன சிம் புல்லர் கனடாக்காரர்தான்.

கேள்வி: வயது 22. வங்கி அணி ஒன்று தேர்வுக்கு அழைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அரைத்தொழில்முறை லீக்கில் நான்கு மாதம் ஆடவும் பேச்சு நடக்கிறது. எதை எடுப்பது?
(ஓர் இளைஞர், கண்டனூர்)

பதில்: முதலில் வங்கி. கானாடுகாத்தான் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும், நகரத்தார் பங்கேற்போடு 1907-இல் உருவான இந்தியன் வங்கியும் நாட்டின் பெயர்பெற்ற கூடைப்பந்து அணிகளை வளர்த்தவை. இந்த அணிகளோடும் ரயில்வே, ராணுவ அணிகளோடும் மோதும் இடம்தான் பெரியகுளம், கோவை, கரூர் அகில இந்தியப் போட்டிகள். 22 வயதில் உங்களுக்கு வேண்டியது அந்தத் தரத்து ஆட்டம். இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கி 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற சென்னையின் அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர்.

வங்கி தரும் பணி ஆணையில் வேலை நிரந்தரமா, ஒப்பந்தமா, உதவித்தொகையா என்று பாருங்கள். நிரந்தரம் என்றால், வெளிநாட்டில் சம்பளத்துக்கு ஆட எழுத்துப்பூர்வ அனுமதியும் சம்பளமில்லா விடுப்பும் வேண்டும். சொல்லாமல் போய் ஆடினால் நடத்தை விதிப்படி வேலையே போகும். ஆஸ்திரேலிய அரைத்தொழில்முறைப் பருவம் ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை. ஓராண்டு வங்கியில் ஆடிவிட்டு அடுத்த ஏப்ரலுக்கு அனுமதி கேட்பதுதான் சரியான வரிசை. 2017-18-இல் அம்ரித்பால் சிங் சிட்னி கிங்ஸுக்கும் அம்ஜியோத் சிங் ஜி லீக்கில் ஓக்லஹோமா சிட்டி ப்ளூவுக்கும் ஆடியபோது, இருவருமே இந்திய அணியில் பல ஆண்டு ஆடி முடித்திருந்தார்கள்.

விளையாட்டு ஒதுக்கீட்டுக்குப் பங்கேற்புச் சான்றிதழ் மட்டும் போதாது. மத்திய அரசு வேலைக்குப் படிவம் 1 நாட்டுக்காக ஆடியதற்கு, 2 மாநிலத்துக்காக, 3 பல்கலைக்கழகத்துக்காக, 4 பள்ளிகள் தேசியப் போட்டிக்காக. ஒவ்வொன்றிலும் உரிய சங்கச் செயலர் அல்லது இயக்குநர் கையெழுத்து வேண்டும். போட்டி முடிந்த மாதமே வாங்கிவிடுங்கள். நிர்வாகிகள் மாறிய பிறகு அலைச்சல்தான்.

கேள்வி: ஜிம்மில் புரோட்டீன் பவுடரும் "எனர்ஜி" மாத்திரையும் கொடுக்கிறார்கள். மகனுக்கு 75 கிலோ, மாநில அணி முகாமுக்குப் போகிறான். கொடுக்கலாமா?
(ஒரு தந்தை, ஆத்தங்குடி)

பதில்: எனர்ஜி மாத்திரை கூடவே கூடாது. உடம்பில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தால், எப்படி வந்தது என்பது இரண்டாவது கேள்வி, பொறுப்பு ஆட்டக்காரருடையது. சத்னாம் சிங்கிடம் 2019 நவம்பரில் எடுத்த மாதிரியில் ஹிஜெனமைன் இருந்ததால் அவருக்கு 2 ஆண்டுத் தடை வந்தது. இந்தப் பொருள் பல சப்ளிமென்ட்களில் கலந்திருக்கும். தாமரை விதைக்குள் இருக்கும் பச்சைக் குருத்து போன்ற தாவரங்களிலும் இயற்கையாக உண்டு. ஆகவே லேகியம், சூரணம் என்றாலும் உட்பொருள் பட்டியல் இல்லாமல் வாயில் வைக்கக் கூடாது. சளி மருந்து வாங்கும்போதும் மருத்துவரிடம் "போட்டியில் ஆடுகிறவன்" என்று சொல்லுங்கள்.

75 கிலோவுக்கு நாளொன்றுக்கு 120 முதல் 150 கிராம் புரதம் போதும், அதை அடுப்படியே தரும். முட்டை 4-இல் 24 கிராம், பால் அரை லிட்டரில் 16, வேகவைத்த கோழி 200 கிராமில் 50, பாசிப்பருப்பு 50 கிராமில் 12, கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கப்பில் 13. இட்லி, சோறு, கவுனி அரிசியில் வருவது மிச்சம் 20. சைவ வீடென்றால் பாலும் பருப்பும் பனீருமாகக் கூட்ட வேண்டும், ஒரே வேளையில் குவிக்காமல் நாலு வேளைக்குப் பிரியுங்கள். எண்ணெயில் பொரித்த கந்தரப்பமும் சீயமும் ஆட்டத்துக்கு முன் வேண்டாம், வயிற்றில் கனமாக நிற்கும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் நீர் உள்ளே போக வேண்டும். உப்புப் போட்ட நீர்மோர் இந்த ஊர் வெயிலுக்கு மிகப் பொருத்தம்.

கேள்வி: கிளப்புகளுக்கு அனுப்ப வீடியோ எப்படி எடுப்பது?
(ஒரு வாசகர், திருப்பத்தூர்)

பதில்: நடுக்கோட்டுக்கு நேராக, 3 மீட்டராவது உயரத்தில் கேமராவை வையுங்கள். அரைக்கோர்ட்டில் உள்ள பத்துப் பேரும் எப்போதும் தெரிய வேண்டும். ரிங்குக்குப் பின்னாலிருந்து எடுத்த படத்தில் தற்காப்பு ஆட்டம் புரியாது. தொகுப்பு 4 நிமிடம் போதும், முதல் ஒரு நிமிடத்தில் உங்கள் சிறந்த ஆட்டம். பாட்டுச் சேர்க்காதீர்கள். கூடவே வெட்டாத முழு ஆட்டம் இரண்டு, அதில் ஒன்று தோற்ற ஆட்டமாக இருக்கட்டும். பந்து கையில் இல்லாதபோது என்ன செய்கிறார் என்பதைத்தான் கோச்சுகள் முழு ஆட்டத்தில் தேடுவார்கள். வெறுங்காலில் அளந்த உயரம், விரித்த கைநீளம், பிறந்த தேதி, சட்டை எண் முதல் திரையில்.

கேள்வி: எங்கள் ஊரில் நாலு பேர்தான் நன்றாக ஆடுகிறோம். முழு அணி சேரவில்லை. 3x3 ஆட்டத்தில் சர்வதேசமாகப் போக முடியுமா?
(நண்பர்கள் நால்வர், பொன்னமராவதி)

பதில்: நாலு பேர்தான் அதற்கு வேண்டியது: மூன்று பேர் களத்தில், ஒருவர் மாற்று. 15-க்கு 11 மீட்டர் களம், ஒரே ரிங், 10 நிமிடம் அல்லது முதலில் 21 புள்ளி. வளைவுக்கு வெளியே 2, உள்ளே 1. ஷாட்டுக்கு 12 விநாடிதான். பந்து 6-ஆம் அளவில் இருக்கும், எடை மட்டும் ஆண்கள் ஆடும் பெரிய 7-ஆம் அளவுப் பந்தினுடையது. டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து பதக்க ஆட்டம். ஃபிபாவின் 3x3 தளத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கணக்குத் தொடங்குங்கள். அங்கே பதிவான போட்டியில் ஆடினால்தான் தரவரிசைப் புள்ளி கிடைக்கும். கடந்த 12 மாதத்தில் உங்கள் சிறந்த 9 போட்டிகள் கணக்கில் வரும். ஊர்ப்போட்டி நடத்துகிறவரிடம் அந்தத் தளத்தில் பதிவுசெய்து நடத்தச் சொல்லிக் கேளுங்கள். முழு மூச்சாக 10 நிமிடம் ஓடும் ஆட்டம் என்பதால், பயிற்சியில் 30 விநாடி வேக ஓட்டம், 30 விநாடி நடை என்று 10 சுற்று, வாரம் இரண்டு நாள் சேருங்கள்.